கருப்புக் கரை போட்ட காகிதம்

தமயந்தி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது. ஐம்பத்தோராம் வருஷம். என் மாமியார் ஜெயம்மாளின் கூடப்பிறந்த தங்கை அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன் வீரபத்திரன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. அவன் பஸ்ஸில் இறங்கி நேரே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அண்ணி, பொண்ணு பொறந்திருக்குது. தமயந்தின்னு பேரு வெச்சிட்டேன்" என்றான்.

எங்கள் சொந்தத்தில் கமலா உண்டு, மூன்று ஜெயம்மாள் உண்டு, பங்காரம்மா உண்டு. இந்தப் பெயர் எந்தக் கிளையிலும் இல்லை. "யார் பேருடா இது?" என்று கேட்டேன்.

"யார் பேரும் இல்ல அண்ணி. எங்க ஊரு வாத்தியார் சம்சாரம் பேரு. கேக்க நல்லா இருந்திச்சி, வெச்சிட்டேன்."

என் மாமியார் உள்ளேயிருந்து, "வீட்ல செத்தவங்க பேரு எத்தினியோ காத்துகினு கெடக்குது. இவன் வாத்தியார் பொண்டாட்டி பேர வெச்சிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்றார்.

அந்தப் பெண் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்தது. சத்தம் நின்றுபோனால்தான் தலையைத் தூக்கிப் பார்க்குமாம். அம்மையார்குப்பத்தில் தொடங்கி, ஆர்.கே.பேட்டையில் படித்து, மெட்ராஸுக்குப் போய்க் கணக்கில் பெரிய பட்டமும் வாங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் இனிமேல் வேலைதான் என்று நினைத்தார்கள். அவளோ பல்கலைக்கழகத்தில் கணக்குத் துறையிலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டேன் என்றாள். படித்து முடித்த பிறகும் படிப்பது எங்களுக்குப் புதிது. வீரபத்திரன் ஒன்றே ஒன்று சொன்னான். "அவங்க உதவித்தொகை குடுக்கற வரைக்கும் படி. நிறுத்திட்டாங்கன்னா வீட்டுக்கு வந்துடு. அதுக்கு மேல இந்த நைனாவ எதுவும் கேக்காத."

ஹாஸ்டலில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீடு திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் பரந்தாமன் அங்கே பார்சல் ஆபீஸில் இருந்தார். அதனால் எழுபத்துமூன்றாம் வருஷத்திலிருந்து தமயந்தி எங்களோடு இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் காலை ரயிலைப் பிடித்து, அரக்கோணத்தில் மாறி மெட்ராஸ் போய் வருவாள். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் வேலை செய்கிறேன் என்பாள்.

அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்று மாதம் ஒரு காகிதம் வரும். சுற்றறிக்கை என்பாள். யார் எந்த ஊரிலிருந்து வந்து பேசுகிறார், லைப்ரரி என்றைக்கு லீவு, எந்தப் பாரத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சைக்ளோஸ்டைல் மெஷினில் அடித்து, மூன்றாக மடித்து, விலாசம் ஒட்டி, புக் போஸ்டில் அனுப்புவார்கள். ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் நோட்டீஸ் போர்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். தபால் வருவது வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான். வந்த அன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் எதிரில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொல்லுவாள்.

"இந்த மாசம் பூனாவுல இருந்து ஒருத்தர் வர்றாரு பெரியம்மா. மூணு நாளு பேசறாரு."

"மூணு நாளா? இன்னாத்தப் பத்தி?"

"சொன்னா உனக்குப் புரியாது. எனக்கே பாதிதான் புரியும்."

"அப்புறம் எதுக்குடி போற?"

"பேசி முடிச்சா டீயும் பிஸ்கட்டும் குடுக்கறாங்க இல்ல" என்பாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் மாசி மாதத்தோடு அவளுக்கு இரண்டு வருஷம் முடிந்தது. இரண்டு வருஷம் முடிந்தவர்கள், தாங்கள் செய்ததை ஐந்து பேர் கொண்ட கமிட்டிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவர்கள் சரி என்றால் உதவித்தொகை இன்னும் இரண்டு வருஷம் வரும். அன்றைக்குப் போய் நிற்காதவர்களின் பெயரை எடுத்துவிடுவார்கள். எந்தத் தேதி என்பது அந்த மாதக் காகிதத்தில்தான் வரும். தேதி தெரிந்ததும் பெயர் கொடுக்க வேண்டும். தை மாதக் கடைசியிலிருந்தே தமயந்தி சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ பேசுவாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டது.

முதல் நாள் காய்ச்சல். மறுநாள் காலையில் முதுகிலும் வயிற்றிலும் முத்து முத்தாக நின்றது. என் மாமியார் பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீடு அவர் கையில். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பது கிடையாது. தலை வாருவது கிடையாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கிறவர்கள் நல்லதுக்கும் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது. டாக்டர் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது.

அது வெறும் பிடிவாதம் இல்லை. என் மாமியாருக்கு, என் வீட்டுக்காரருக்கும் மூத்ததாக ஒரு பிள்ளை இருந்தது. ஐந்து வயதில் அம்மை கண்டபோது யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட வைத்தார்களாம். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. ஊசியால் போனதா, அம்மையால் போனதா என்று யாருக்குத் தெரியும்? என் மாமியாருக்குத் தெரியும். முப்பது வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளையின் பெயரை ஒருமுறைகூட அவர் வாயால் கேட்டதில்லை.

நாலாம் நாள் நான் குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். எங்கள் வாசலில் தபால்காரர் உசேனின் சைக்கிள் நின்றது. என் மாமியார் கத்துவது தெருக்கோடி வரை கேட்டது.

"கிட்ட வராத! அங்கயே நில்லு! கையில இன்னா அது?"

"புக் போஸ்டும்மா. மெட்ராஸ்ல இருந்து..."

"கருப்பு கட்டிகினு வந்திருக்குது. ஆத்தா இருக்கற வீட்டுக்கு இதையா எடுத்துகினு வருவ?"

உசேன் கையிலிருந்து பிடுங்கி, நாலாகக் கிழித்து, எதிர்ப்பக்கச் சாக்கடையில் எறிந்தார். நான் கிட்டே வருவதற்குள் முடிந்துவிட்டது. காகிதத்தின் ஓரமெல்லாம் கருப்பாக இருந்தது மட்டும் என் கண்ணில் பட்டது.

கருமாதிக் காகிதம் அப்படித்தான் வரும். நாலு பக்கமும் கருப்புக் கரை போட்டு, மூன்றாக மடித்து, புக் போஸ்டில் வரும். வாசலில் நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவோமே தவிர வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். அம்மை இருக்கிற வீட்டில் படிப்பதுகூடக் கூடாது.

"வள்ளி, மஞ்சத் தண்ணி எடுத்தா!" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வாசலெல்லாம் தெளித்தார்.

"யாருன்னு பாக்க வேணாமா அத்தை?"

"மூணாவது தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் சாகல. புரியுதா?"

புரிந்தது. அம்மை இறங்க மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏழாம் நாள், ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் என்று கணக்கு வைத்திருந்தார். அதுவரை சாவுச் சேதி அந்த வாசலைத் தாண்டாது.

ஆனால் மனசு கேட்குமா? மெட்ராஸ் தபால் என்று உசேன் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. மெட்ராஸில் எங்களுக்கு மூன்று வீடுதான். சைதாப்பேட்டையில் என் நாத்தனாருடைய ஓரகத்தி கமலா; அவளுக்குச் சர்க்கரை வியாதி. பெரம்பூரில் என் மாமனாரின் அத்தை பேரன், அவன் வாலிபன். வண்ணாரப்பேட்டையில் என் மாமியாருடைய சித்தப்பா மகன் ஜெகநாதன். அறுபத்தைந்து வயது, மூச்சிரைப்பு, போன மழைக்காலத்திலேயே பிழைத்தது பெரிசு. நான் எத்தனை முறை எண்ணினாலும் ஜெகநாதன் மாமாவிடம்தான் வந்து நின்றது. என் மாமியாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. பாதிச் சோறுதான் சாப்பிட்டார். கொல்லையில் தனியாகத் துணி துவைக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

உள்ளே பாயில் படுத்திருந்த தமயந்தி நாளுக்கு நாலு முறை கேட்பாள்.

"பெரியம்மா, எனக்குத் தபால் வந்துச்சா?"

"வரல கண்ணு."

"இன்னும் வரலயா? இவ்ளோ நாள் ஆகாதே. பெரியப்பாவ விட்டு யாரையாவது போர்டு பாத்துகினு வரச் சொல்லேன்."

"ஆத்தா எறங்கட்டும். இந்த வீட்ல இருந்து சேதி வெளிய போக வேணாங்குது உங்க பெரிய ஆயா."

"தேதி போயிட்டா என்ன பண்றது?"

"போவாது, படு" என்று வேப்பிலையால் விசிறுவேன். நான் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தபால் வரவில்லை என்றே நினைத்திருந்தேன்.

எட்டாம் நாள் கிருத்திகை. மலைக்கு நல்ல கூட்டம். மத்தியானம் வெயிலில் வாசலில் ஒரு குரல்.

"அக்கா! ஜெயக்கா!"

என் மாமியார் சொம்போடு எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். நெற்றி நிறைய விபூதியோடு, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஜெகநாதன் மாமா நின்றிருந்தார். என் மாமியார் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நீயா?"

"ஆங், நான்தான். ஏன்க்கா அப்படிப் பாக்கற?"

"நீ... நல்லா இருக்கியா?"

"மூச்சுதான் வாங்குது. மலை ஏறி எறங்கி வந்துகினு இருக்கேன் இல்ல."

"வீட்ல எல்லாரும்? சைதாப்பேட்டை கமலா? பெரம்பூரு?"

"போன ஞாயித்துக்கிழமதான் எல்லாரும் ஒரு கல்யாணத்துல ஒண்ணா சாப்ட்டோம். கமலா ரெண்டு லட்டு தின்னுது, வேணாம் வேணாம்னாலும் கேக்கல. எங்க தெருவுல ஒரு கோழிகூட சாகலக்கா. நல்ல நாளும் அதுவுமா இன்னா கேள்வி இது?" அப்போதுதான் வேப்பிலையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டார். "ஆத்தா வந்திருக்காளா?"

என் மாமியார் அழுகையும் சிரிப்புமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் சாகவில்லை என்றால் அந்தக் காகிதம் யாருடையது?

தெருமுனைக்குப் போய் உசேன் வரும் வரை நின்றேன். சைக்கிளை மறித்துக் கேட்டேன். "அன்னிக்கி எங்க வீட்டுக்கு வந்த புக் போஸ்டு யார் பேருக்குப்பா?"

"தமயந்தி பேருக்குத்தாங்க. மாசா மாசம் வருமே, அதான். இந்த வாட்டி ஓரமெல்லாம் மை அப்பிகினு வந்திச்சி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள உங்க மாமியார் கிழிச்சிட்டாங்க. முக்கியமானதுங்களா?" என்றார்.

சாக்கடையில் தேடினேன். நாலு நாளில் அங்கே என்ன மிஞ்சும்?

தமயந்தியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் காய்ந்துகொண்டிருக்கிற கொப்புளம். விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு நாள் ஆயிடுச்சா? பேரு குடுக்க அஞ்சு நாள்தான் டைம் தருவாங்க. போச்சு பெரியம்மா." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய்ட்டு வந்துடறேன். முக்காடு போட்டுக்கறேன். ரயில்ல யாரும் பாக்க மாட்டாங்க."

இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் தள்ளாடியது. பிடித்து உட்கார வைத்தேன். என் மாமியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தாண்டி கிழிச்சேன். எனக்கு எழுத்து தெரியாது. கருப்பு தெரிஞ்சிது, கிழிச்சேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ மூணாவது வரைக்கும் படிச்சவதானே? காலைல போய் இன்னான்னு பாத்துகினு வா. வழியில யார் வீட்லயும் நுழையாத, தண்ணி குடிக்காத" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தனியாக மெட்ராஸ் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. சின்ன வயதிலேயே எனக்கு அம்மை போட்டாயிற்று, அதனால் என்னைப் பற்றிப் பயமில்லை. தமயந்தி சொல்லச் சொல்ல அவளுடைய பெயரையும் நம்பரையும் என் கையெழுத்தில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டேன். அரக்கோணத்தில் சரியான ரயிலில்தான் ஏறினேனா என்று நாலு பேரிடம் கேட்டேன். ஐந்தாவது ஆளிடம் கேட்டபோது அவர், "இறங்கற வரைக்கும் கேட்டுகினே வருவியாம்மா?" என்றார்.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் படி ஏறியே கால் ஓய்ந்தது. காக்கிச் சட்டை போட்ட அட்டெண்டர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெயர் பங்காரு என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா வேணும்?"

"கணக்கு ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்களுக்கு சேதி ஒட்டற பலகை எங்கப்பா இருக்குது?"

சிரித்துக்கொண்டே கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணாடி போட்ட பலகை. ஒன்றின் மேல் ஒன்றாகக் காகிதங்கள். எல்லாம் இங்கிலீஷ். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவர் பெயரைப் படித்ததும், "திருத்தணி பொண்ணா? ரெண்டு வாரமா காணோமே" என்றார். கண்ணாடிமேல் விரலை வைத்துத் தேடினார். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு கமிட்டி. ரெண்டு வருஷம் முடிச்சவங்க பேசணும். ஆறு பேரு போட்டிருக்குது. இந்தப் பொண்ணு பேரு இல்லியே?"

வியாழக்கிழமை என்றால் பதினோராம் நாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றுகிற நாள்.

உள்ளே ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர். பேர் கொடுக்கிற கெடு நேற்றோடு முடிந்தது என்றார். உடம்பு சரியில்லை என்றேன். இன்னா உடம்பு என்றார். அம்மை என்றேன். நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனார்.

"அப்ப டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாங்க. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இருந்தா வேற தேதி கேட்டுப் பாக்கலாம். இல்லன்னா வியாழக்கிழம வரலன்னு எழுதிடுவாங்க. அவ்ளோதான்."

"டாக்டர் பாக்கலங்களே."

"பாக்காம எப்படிம்மா அம்மைன்னு தெரியும்?"

வெளியே வந்தேன். பங்காரு படி வரைக்கும் கூடவே வந்தார். காகிதம் கிழிந்த கதையை அவரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "மெஷின்ல மை கசிஞ்சிடுச்சிம்மா. நல்லா இருந்தத போர்டுல போட்டுட்டு, மிச்சத்த நான்தான் துடைச்சித் துடைச்சி தபால்ல சேத்தேன். கருமாதிக் காயிதம் மாதிரி இருக்குதேன்னு அப்பவே சிரிச்சேன்."

திரும்பி வரும்போது அரக்கோணத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால் டாக்டர் வீட்டுக்கு வர வேண்டும். டாக்டர் வந்தால் என் மாமியார் வீட்டைவிட்டுப் போய்விடுவார். போய்விடுவேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவர், போகிற ஆள். என் வீட்டுக்காரர் அம்மாவை மீறி ஒரு சொல் பேச மாட்டார். வீரபத்திரன் ஒரு தடவை வந்துடு என்றால் அது வந்துடுதான். தமயந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த இரண்டு வருஷமும் ஒரு காகிதம் இல்லாததால் போகிறது. எதிரே பார்த்தபடி இருந்தேன்.

எதிரே சுவரில் ஒரு போஸ்டர். முகமெல்லாம் அம்மை போட்ட ஒரு குழந்தை. கீழே பெரிய எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உங்கள் தெருவில் யாருக்காவது அம்மை கண்டால் உடனே சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், தெரிவிப்பவருக்குப் பரிசு உண்டு என்று இருந்தது. பெரியம்மையை நாட்டிலிருந்தே ஒழிக்கிறோம் என்று சர்க்கார் வீடு வீடாகத் தேடிய காலம் அது. ஆட்கள் வந்தால் எங்கள் தெருவில் அம்மை போட்ட குழந்தையைத் தறிக் குழிக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள்.

இரண்டாவது தடவையும் படித்தேன். டாக்டரை நாம் கூப்பிட்டால்தானே குற்றம்? சர்க்கார் தானாக வந்தால்?

திருத்தணியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் சுகாதார ஆபீஸுக்குப் போனேன். பூட்டுகிற நேரம். இன்ஸ்பெக்டர் நஜீர் அகமது சாவியோடு நின்றிருந்தார்.

"எங்க வீட்ல அம்மை போட்டிருக்குதுங்க" என்றேன்.

மனுஷர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாங்களா தேடிப் போனாலே ஒளிச்சி வைப்பாங்க. நீங்களா வந்து சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். "நான் டாக்டர் இல்லம்மா" என்றார். "ஆனா பாத்து, என்ன அம்மைன்னு எழுதி, சீல் போட்டுக் குடுக்கற அதிகாரம் இருக்குது. அதை உங்க காலேஜ்ல ஒத்துப்பாங்களா மாட்டாங்களா, எனக்குத் தெரியாது." காலையில் ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அன்று வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. தேதி வியாழக்கிழமை, டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். என் மாமியார், "வேற எதுனா கேக்கட்டும், குடுக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

காலையில் சொன்ன நேரத்துக்குச் சைக்கிள் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் யாரும் சொல்லாமலே செருப்பைத் தெருவில் கழற்றிவிட்டார். வாசலுக்கு வெளியே நின்றார்.

"யாரு நீ?" என்றார் என் மாமியார்.

"சுகாதார இன்ஸ்பெக்டர்ம்மா. இந்த வீட்ல அம்மைன்னு தகவல். பாக்கணும்."

"எவ சொன்னது? எவ சொன்னது?" என்று எதிர்வீட்டை நோக்கிக் கத்தினார்.

"நான்தான் அத்தை" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "பரிசு குடுக்கறாங்களாமே, வாங்கிக்கினியா?" என்றார்.

இன்ஸ்பெக்டர்தான் பேசினார். "ஊசி எதுவும் எடுத்துகினு வரலம்மா. தொடக்கூட மாட்டேன். கையைப் பாத்துட்டுப் போயிடுவேன்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பையையும் திறந்து காட்டினார். ஒரு ரிஜிஸ்டரும் முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன.

என் மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தார். வழி விடவில்லை. ரயில் பத்து மணிக்கு. உள்ளேயிருந்து தமயந்தி, "பெரிய ஆயா" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் கூப்பிட்டாள், கேட்கவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் மாமியார் படியிலிருந்து ஒதுங்கி, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து, "காலக் கழுவிகினு நில்லு" என்றார்.

இன்ஸ்பெக்டர் அறை வாசலிலேயே நின்று, "உள்ளங்கையைக் காட்டும்மா. உள்ளங்கால்" என்றார். பார்த்தார். "பெரியம்மையா இருந்தா இங்கதான் நெறைய இருக்கும். இது சின்னம்மை." வெளியே போய்ச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து இங்கிலீஷில் எழுதி, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதி என்னிடம் கொடுத்தார்.

அன்று இரண்டரை மணிக்கெல்லாம் அந்த ஆபீஸில் நின்றேன். கிளார்க் காகிதத்தை மேஜையில் வைக்கச் சொல்லி, தொடாமலே படித்தார். "இது டாக்டர் இல்லியே, இன்ஸ்பெக்டர்."

"சீல் இருக்குதுங்க."

"சீல் இருக்குது. டாக்டர் இல்லியே. மேடம் வரட்டும்."

துறைத் தலைவியை அவர்கள் மேடம் என்றார்கள். எங்கோ மீட்டிங். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. பங்காரு தன் ஸ்டூலை எனக்குப் போட்டார். நாலரைக்கு கிளார்க் மேஜையை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தார். ஐந்து மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நரைத்த தலையும் நூல் புடவையுமாக ஓர் அம்மா படி ஏறி வந்தார். பங்காரு எழுந்த வேகத்தில் இவர்தான் என்று தெரிந்தது. நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் காகிதத்தைக் கையில் வாங்கினார். படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மூணாவது தண்ணி என்னிக்கு?" என்றார்.

"நாளைக்குங்கம்மா."

"நாளைக்கேவா?" அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே ஏதோ எழுதி, கிளார்க்கிடம் நீட்டினார். "இந்தப் பொண்ணுக்கு அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். தேதியை தபால்ல அனுப்பாதீங்க, இந்த அம்மாகிட்டயே எழுதிக் குடுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். அவள் முகத்தில் தழும்பு இன்னும் கருப்பாக இருந்தது. மூடிய கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் அவள் குரல் கேட்டது, பிறகு ஆம்பிளைக் குரல்கள் மாற்றி மாற்றிக் கேட்டன, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "தொடரச் சொல்லிட்டாங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, பங்காருவின் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

என் மாமியார் என்னிடம் ஆடி மாதம் வரைக்கும் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "சோறு இருக்குதா?" என்பார். தமயந்தியின் ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

இப்போது தமயந்தி வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். காட்பாடியில் வாடகை வீட்டில், வீரபத்திரனையும் தன்னோடு வைத்துக்கொண்டு இருக்கிறாள்.